ஃபோனைப் பிடுங்கினால் தம்பி சரியாகிவிடுவானா?

கேள்வி: மேடம், நாங்கள் தண்டையார்பேட்டையில் ஒண்டிக்குடித்தனத்தில் இருக்கிறோம். அம்மா, நான், தம்பி. அப்பா ஹார்பரில் லோடு வேலை பார்த்தார், இரண்டு வருடத்துக்கு முன் ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டார். எனக்கு 24 வயது, எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். தம்பிக்கு 16, ப்ளஸ் ஒன். நன்றாக கானா பாடுவான். நான்கு மாதத்துக்கு முன் மொட்டை மாடியில் உட்கார்ந்து, குடத்தைத் தட்டிக்கொண்டு, அப்பாவைப் பற்றி அவனே கட்டிய பாட்டைப் பாடி இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டான். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் கமென்ட் முழுக்க ‘புள்ளிங்கோ’, ‘மொதல்ல குளிச்சிட்டு வாடா’ என்று ஒரே கிண்டல். டெலீட் செய்துவிட்டான். அன்றிலிருந்து ராத்திரி இரண்டு மணி, மூன்று மணி வரை ஃபோன்தான். கிரவுண்டுக்குப் போவதில்லை. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டான். நாங்கள் பேசுகிற பேச்சே அசிங்கமாக இருக்கிறதாம். ஃபில்டர் போடாமல் போட்டோ எடுக்க விடுவதில்லை. அம்மா கோபத்தில் ஃபோனைத் தூக்கிப் போட்டு உடைத்துவிட்டார். இரண்டு நாள் அவன் சாப்பிடவில்லை. நான்தான் பர்மா பஜாரில் டிஸ்ப்ளே மாற்றிக் கொடுத்தேன், அதற்கும் எனக்குத் திட்டு. அந்தப் பாட்டை அம்மா இன்னும் கேட்டதே இல்லை. இது ஃபோன் அடிக்‌ஷனா? பிடுங்கி வைத்தால் சரியாகிவிடுமா? போன வாரம் அவன் நண்பனிடம் ‘அப்பா கூடவே போயிருக்கலாம்’ என்று சொன்னானாம். பயமாக இருக்கிறது.
— ஒரு அக்கா, தண்டையார்பேட்டை

பதில்: அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஃபோன், ரீல்ஸ் எல்லாம் அப்புறம்.

‘அப்பா கூடவே போயிருக்கலாம்’ என்று பதினாறு வயதுப் பையன் சொன்னால் அதைச் சும்மா சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சும்மா சொல்லியிருக்கலாம், ஆனால் அது கேட்ட பிறகுதான் தெரியும். இதைப் படித்த அன்றைக்கே கேளுங்கள். அம்மா இல்லாத நேரம் பார்த்து, மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சுற்றி வளைக்காமல், நீங்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே கேளுங்கள்: “அப்பா கூடவே போயிருக்கலாம்னு சொன்னியாமே, செத்துரலாம்னு தோணுதாடா?” கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டது போல ஆகிவிடும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. நான் நேராகக் கேட்டபோது ‘அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களே’ என்று தோள் தளர்ந்து உட்கார்ந்த பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். யார் சொன்னது என்று கோபப்படுவான். படட்டும், நண்பன் பெயரை மட்டும் காப்பாற்றப் பாருங்கள், அந்த நண்பன் இன்னும் தேவைப்படுவான்.

‘ஆமாம்’ என்று சொன்னாலோ, எதுவும் சொல்லாமல் தரையைப் பார்த்தாலோ, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறான் என்று தெரிந்தாலோ, அவனைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கிற மாத்திரைகளைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள், அன்றைக்கே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ராத்திரி ஆனாலும் எமர்ஜென்சி இருக்கும். போகிற வழியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416. டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த இலவச எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அவன்தான் பேச வேண்டும் என்று இல்லை, நீங்களே கூப்பிட்டு ‘என் தம்பி இப்படிச் சொல்றான்’ என்று கேட்கலாம்.

அப்படி எதுவும் இல்லை, ஏதோ மனக்கஷ்டத்தில் சொன்னேன் என்று சொன்னால் சரி. அப்போதும் இதற்குக் கீழே இருப்பதைப் படியுங்கள்.

இது அடிக்‌ஷனா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தை மட்டும் வைத்து யாருக்கும் நான் முத்திரை குத்த மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த வார்த்தை தோன்றவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அவன் ஃபோனில் என்ன பார்க்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை, ஒருவேளை தெரியாது. என் யூகம் இது: அவன் அவனையே தேடிக்கொண்டிருக்கிறான். அவன் டெலீட் செய்தது அவன் போட்ட வீடியோவைத்தான். அதற்குள் யாராவது டவுன்லோடு செய்து, மீம் பேஜில் சிரிப்புச் சத்தம் சேர்த்துத் திரும்பப் போட்டிருந்தால் அது எங்கே எல்லாம் சுற்றுகிறது என்று அவனுக்கே தெரியாது. இதே மாதிரி என்னிடம் வந்த ஒரு பையன் மூன்று ஃபேக் ஐடி வைத்திருந்தான், மூன்றிலும் தன் முகத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தான். கண்டுபிடித்தால் வலிக்கும், கண்டுபிடிக்கவில்லை என்றால் இன்னும் எங்கேயோ இருக்கிறது என்று தூக்கம் வராது. வெளியே இருந்து பார்த்தால் ‘ஃபோனை விட மாட்டேங்கிறான்’. உள்ளே போய்ப் பார்த்தால் வாட்ச்மேன் வேலை.

அதனால்தான் ஃபோனை உடைத்தபோது அவன் நிம்மதி அடையவில்லை, சாப்பிடாமல் கிடந்தான். ஃபோன் இல்லாவிட்டாலும் வீடியோ வெளியே இருக்கிறதே.

இன்னொன்று. அப்பா இறந்ததை ஒரே வரியில் எழுதிவிட்டு எம்.சி. ரோடு வேலைக்குப் போய்விட்டீர்கள். வீட்டைத் தூக்கிச் சுமக்கிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், தப்பில்லை. ஆனால் இந்த இரண்டு வருடத்தில் உங்கள் தம்பி அப்பாவைப் பற்றி யாரிடமாவது உட்கார்ந்து பேசியிருக்கிறானா? பேசியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்து அவன் பேசியது ஒரே ஒரு தடவை, மொட்டை மாடியில், குடத்தைத் தட்டிக்கொண்டு.

கானா எங்கே பாடுவது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ராயபுரத்தில் வளர்ந்தவள், எங்கள் தெருவில் சாவு விழுந்தால் ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். செத்தவர் எந்தக் கடையில் டீ குடிப்பார், யாருக்குக் கடன் கொடுத்துத் திரும்பக் கேட்காமல் விட்டார், பெண்டாட்டியிடம் எப்படித் திட்டு வாங்குவார் என்று எல்லாம் அதில் வரும். சுற்றி உட்கார்ந்திருக்கிற நாற்பது பேருக்கும் அவரைத் தெரியும். அழுகிற இடத்தில் அழுவார்கள், சிரிக்கிற இடத்தில் சிரிப்பார்கள், விடிந்ததும் பாடியவருக்கு டீ கொடுப்பார்கள். உங்கள் தம்பி அப்படி ஒரு கூட்டத்தை நினைத்துத்தான் பாடியிருப்பான். ஆனால் வந்து உட்கார்ந்தது வேறு கூட்டம்.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அவன் ‘நான் கேவலமா பாடியிருக்கேன், அதான்’ என்று முடிவு கட்டியிருப்பான். ஒரு ரீலை யாருக்கு எல்லாம் காட்டலாம் என்று முடிவு செய்வது மனிதர் இல்லை, ஒரு கணக்கு. எத்தனை பேர் கடைசி வரை பார்த்தார்கள், எத்தனை பேர் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள், எத்தனை பேர் கமென்ட் போட்டார்கள் என்பதெல்லாம் அதில் சேரும். உருகி எழுதின கமென்ட்டும் கமென்ட், ‘குளிச்சிட்டு வாடா’வும் கமென்ட். கிண்டல் செய்ய நண்பனுக்கு அனுப்பினாலும் அது ஷேர்தான். முதலில் தண்டையார்பேட்டை, காசிமேட்டுப் பையன்கள் பார்த்திருப்பார்கள், அவர்கள் ஹார்ட் போட்டிருப்பார்கள். அப்புறம் அது அவன் அப்பாவைத் தெரியாத, கானா என்றாலே காமெடி என்று நினைக்கிற ஆட்களிடம் போயிருக்கும். அவர்கள் சிரிக்கச் சிரிக்க இன்னும் தூரமாகப் போயிருக்கும். இரண்டு லட்சம் என்பது அப்படி ஏறிய எண்ணாக இருக்கலாம். அவன் பாட்டுக்கு யாரும் மார்க் போடவில்லை.

இந்த ‘புள்ளிங்கோ’ பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் பேச்சில் நம்ம பசங்க, நம்ம ஆளுங்க என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு போய், கலர் முடி, பைக், கறுப்பு நிறம், குடிசை, திருட்டு என்று எல்லாவற்றையும் ஒட்டி, ஒரு வசவாகத் திரும்ப நம்மிடமே எறிகிறார்கள். உங்கள் தம்பி முடியை ஒட்ட வெட்டியது, ஃபில்டர் போட்டு நிறத்தை ஏற்றுவது, வீட்டுப் பேச்சு அசிங்கம் என்பது எல்லாம் தனித்தனிக் குணங்கள் இல்லை. கமென்ட்டில் என்னென்ன சொல்லிக் கிண்டல் செய்தார்களோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக உடம்பிலிருந்து உரித்துக்கொண்டிருக்கிறான். நான் கல்லூரிக்குப் போன முதல் வருடம் வகுப்பில் வாயைத் திறந்து ‘இன்னா’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். மூன்று வருடமும் எனக்கு அதுதான் பெயர். நானும் பேச்சை மாற்றிக்கொண்டவள்தான். ஆனால் என்னைக் கிண்டல் செய்தது நாற்பது பேர், சாயங்காலம் பஸ் ஏறினால் முடிந்தது. அவனுக்கு அந்தக் கூட்டம் பாயில் படுக்கும்போதும் கூடவே வருகிறது.

சரி, சோஷியல் மீடியாவே பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று டிவியில் சொல்கிறார்களே, அது உண்மையா? பாதிதான் உண்மை. 2023-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் அதில் இருக்கிற வளரிளம் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் வரும் ஆபத்து இரண்டு மடங்கு என்று அதில் இருந்தது. அதற்கு முன் 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் லட்சக்கணக்கான பிள்ளைகளின் தகவலை வைத்துக் கணக்குப் போட்டு, பிள்ளைகளின் மனநலத்தில் காணப்படும் ஏற்றத்தாழ்வில் அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் டிஜிட்டல் பயன்பாட்டோடு சேர்ந்து வருகிறது என்றார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று கேட்பீர்கள். ஃபோனால் மனம் சோர்கிறதா, மனம் சோர்ந்த பிள்ளை ஃபோனுக்குள் போகிறதா என்பதை இந்த மாதிரிக் கணக்கு பிரித்துச் சொல்லாது. தவிர, சராசரி என்பது நூறு பிள்ளைகளைக் கலக்கி எடுத்த தண்ணீர். அதில் தொண்ணூறு பேருக்கு ஒன்றும் ஆகாமல், நான்கைந்து பேருக்குப் பெரிதாக அடிபட்டிருந்தாலும் சராசரியில் அது தெரியாது. இன்ஸ்டாகிராமை நடத்துகிற ஃபேஸ்புக் கம்பெனிக்கே இது தெரியும். 2021-ல் வெளியே கசிந்த ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களில், தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைக்கும் டீனேஜ் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்களுக்கு என்பதைக் கவனியுங்கள். அப்பா போன வீட்டுப் பையனுக்கு விழுகிற அடியும் மற்றவர்களுக்கு விழுவதும் ஒன்றில்லை.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து பதினாறு வயதுக்குக் கீழே அக்கவுன்ட் வைக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. அங்கே இருந்தாலும் உங்கள் தம்பிக்கு வயது வந்துவிட்டது, அக்கவுன்ட் உண்டு. எனவே சட்டத்தை விடுங்கள், வீட்டுக்கு வருவோம்.

ஒரே ஹால், ஒரு கிச்சன், மூன்று பேர், பக்கத்துப் போர்ஷனில் தும்மினால் நமக்குக் கேட்கும். அங்கே ஒரு பதினாறு வயதுப் பையன் அழ வேண்டும் என்றால் எங்கே போவான்? கதவு வைத்த அறை என்று அவனிடம் இருப்பது அந்த ஃபோன் ஒன்றுதான். அதைப் பிடுங்காதீர்கள். டிஸ்ப்ளே மாற்றிக் கொடுத்ததற்குத் திட்டு வாங்கினீர்களே, என் கணக்கில் அந்த வீட்டில் நான்கு மாதத்தில் நடந்த நல்ல காரியம் அதுதான். அம்மா மேலும் எனக்குக் கோபம் இல்லை. புருஷனும் போய், பிள்ளையும் கண் முன்னால் கரைந்தால் கைக்குக் கிடைத்ததைத்தான் தூக்கி எறிவார்கள்.

ஆனால் ராத்திரி ஃபோனுக்கு ஒரு இடம் வேண்டும். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை. மூன்று மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால், கமென்ட்டே இல்லாவிட்டாலும் மூஞ்சியில் எரிச்சலும் அழுகையும்தான் இருக்கும். பத்தரை மணிக்கு மூன்று பேர் ஃபோனும் ஃப்ரிட்ஜ் மேல், சார்ஜரோடு. மூன்று பேருடையதும் என்றால் உங்களுடையதும்தான். நீங்கள் கடையிலிருந்து வந்து படுத்துக்கொண்டே ஸ்க்ரோல் செய்வீர்கள், எனக்குத் தெரியும், நானும் செய்கிறேன். அலாரத்துக்கு ஃபோன் வேண்டும் என்பான், ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். முதல் வாரம் நடுராத்திரியில் எழுந்து போய் எடுப்பான். பார்த்தும் பார்க்காத மாதிரி இருங்கள், காலையில் சண்டை வேண்டாம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இன்ஸ்டாகிராமைச் சரி செய்யுங்கள். நீங்கள் செய்து கொடுக்காதீர்கள், அவன் கையில் ஃபோன் இருக்கட்டும், நீங்கள் கூட இருந்தால் போதும். மீம் பேஜ் எதிலாவது அவன் வீடியோ இருந்தால் முதலில் ஸ்க்ரீன்ஷாட், அடுத்து ரிப்போர்ட். செட்டிங்ஸில் ‘ஹிடன் வேர்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. நாம் கொடுக்கும் வார்த்தைகள் இருக்கிற கமென்ட்டை அது மறைத்துவிடும். தமிழில் இருக்கிற வசவெல்லாம் அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்லித் தர வேண்டும். ‘புள்ளிங்கோ’வைத் தமிழ் எழுத்தில் ஒரு தடவை, இங்கிலீஷ் எழுத்தில் நான்கைந்து ஸ்பெல்லிங்கில் என்று டைப் அடிக்க வேண்டியிருக்கும். என்னிடம் வந்த ஒரு அண்ணனும் தங்கையும் இப்படி உட்கார்ந்து முப்பத்தெட்டு வசவு சேர்த்தார்கள், இருபதைத் தாண்டியதும் இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், விட்டுப்போனதை எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு ஞாபகப்படுத்தினார்களாம். அக்கவுன்ட்டை பிரைவேட் ஆக்குவதா வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்யட்டும். பதினெட்டுக்குக் கீழே என்றால் இன்ஸ்டாகிராம் இப்போது டீன் அக்கவுன்ட்டாக மாற்றி, ராத்திரி பத்திலிருந்து காலை ஏழு வரை நோட்டிஃபிகேஷனை அடக்கி வைக்கிறது, இந்தியாவில் 2025-ல் வந்தது. ஆனால் நம் பிள்ளைகள் பாதிப் பேர் பிறந்த வருடத்தைக் குறைத்து, வயதை ஏற்றிப் போட்டுத்தான் அக்கவுன்ட்டே தொடங்கியிருப்பார்கள், உங்கள் தம்பி எந்த வருடம் போட்டிருக்கிறான் என்று கேளுங்கள். மிரட்டலோ சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதோ வந்திருந்தால் அது வேறு விஷயம், அந்த ஸ்க்ரீன்ஷாட்டோடு தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம்.

கிரவுண்டுக்குப் போ என்று சொல்லாதீர்கள். அங்கேயும் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள்தானே இருப்பார்கள். அந்த நண்பனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், முட்டை தோசை போட்டுக் கொடுங்கள், கேரம் போர்டு இருந்தால் வெளியே எடுங்கள். அவன் எப்போது கிரவுண்டுக்குப் போக வேண்டும் என்பதை அந்த நண்பன் பார்த்துக்கொள்வான்.

நீங்கள் இதெல்லாம் செய்தாலும் இரண்டு வாரத்தில் தூக்கமும் சாப்பாடும் கொஞ்சமாவது மாறவில்லை என்றால், வாரநாள் காலையில் ஸ்டான்லியில் மனநலப் பிரிவு ஓபிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். லீவு போடச் சிரமம்தான், போடுங்கள். அம்மா ‘என் புள்ள என்ன கீழ்ப்பாக்கம் கேஸா’ என்று கத்துவார். அவன் ராத்திரி தூங்குவதில்லை, தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கிறோம் என்று சொல்லுங்கள், பொய் இல்லை. உள்ளே போனதும் டாக்டரிடம் ஃபோனைப் பற்றிப் பேச ஆரம்பிக்காதீர்கள், அப்பா இறந்ததிலிருந்து ஆரம்பியுங்கள்.

கடைசியாக அந்தப் பாட்டு. இன்ஸ்டாகிராமில் டெலீட் செய்தது முப்பது நாள்தான் இருக்கும், நான்கு மாதம் ஆகிவிட்டது, அங்கே இருக்காது. ஆனால் மொட்டை மாடியில் அவன் பாட, யாரோ ஒருவன் ஃபோனைப் பிடித்திருப்பான். அந்த நண்பனாகத்தான் இருக்கும். அவன் கேலரியில் கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தாலும் தம்பியைக் கேட்காமல் யாருக்கும் போட்டுக் காட்டாதீர்கள், அம்மாவுக்குக்கூட. அவனிடம் மட்டும் சொல்லி வையுங்கள், ‘அம்மா இன்னும் அதைக் கேக்கவே இல்லடா’ என்று. வீடியோவா, நேரிலா, எப்போது என்பதெல்லாம் அவன் சொல்லட்டும். குடம் வீட்டில்தானே இருக்கிறது.